நம் தாளில் ஏன் ஒருவர் முகமும் இல்லை?

சென்னையிலிருந்து வந்திருந்த என் மைத்துனர், கட்டுநாயக்க விமான நிலையத்தில் மாற்றிய காசை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசைமேல் விரித்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தார். இருபது, ஐம்பது, நூறு, ஐந்நூறு, ஆயிரம், ஐயாயிரம் என்று ஆறு தாள்கள். ஆறிலும் ஒரு பறவை, ஒரு வண்ணத்துப்பூச்சி, ஏதோவொரு கட்டுமானம், பின்புறத்தில் ஆட்டமும் மேளமும். "எல்லாம் அழகா இருக்கு, ஆனா ஆளைக் காணோமே" என்றார் கடைசியில். எந்தத் தாளை எடுத்தாலும் காந்தியைப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. நாள் முழுக்க நாங்கள் கைமாற்றும் இலங்கை ரூபாத் தாளில், இன்னார் என்று பெயர் சொல்லக்கூடிய ஒருவரின் முகமும் இல்லை என்பதை நான் நின்று யோசித்தது அன்றுதான்.

அது தற்செயலாக நேர்ந்ததன்று. இந்தத் தீவின் தாள்களில் முகங்கள் வந்தன, போயின, போன முகம் ஒன்று திரும்பியும் வந்தது. ஆட்சி மாறிய வரிசையையும் தாள் மாறிய வரிசையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

முகம் வருவதற்கு முன்பு தாளில் இருந்தது வாக்குறுதி மட்டுமே. ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) வணிகக் கம்பனி 1785ஆம் ஆண்டில் இங்கே காகிதக் கடன்பத்திரங்களை வெளியிட்டது. ஆங்கிலேயர் வந்த பின்னும் றிக்ஸ் டொலர் என்ற ஒல்லாந்தக் கணக்கே நீடித்தது. ஒரு றிக்ஸ் டொலருக்குப் பன்னிரண்டு பணம். அந்தப் 'பணம்' நம் வாயிலிருந்து போன சொல்தான், ஆங்கிலேயர் அதை 'ஃபனம்' என்று நாணயத்திலேயே பொறித்தார்கள். 1825இல் றிக்ஸ் டொலருக்கு ஒரு சிலிங் ஆறு பென்ஸ் என்று விலை நிர்ணயித்து, தீவின் கணக்கைப் பவுணுக்கு மாற்றினார்கள். ஆனால் கடைத்தெருவில் இந்திய ரூபாதான் ஓடியது. அரிசியும் ஆட்களும் இந்தியாவிலிருந்து வந்துகொண்டிருக்கையில் காசு மட்டும் இலண்டனிலிருந்து வரும் என்று எதிர்பார்க்க முடியாது. கடைசியில் 1872 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து, ரூபாவை நூறு சதங்களாகப் பிரிக்கும் முறை சட்டமானது. இந்தியாவில் அணாவும் பைசாவும் 1957 வரை நீடித்ததை நினைத்தால், இதில் நாம் 85 ஆண்டுகள் முந்திக்கொண்டோம். 'சதம்' என்ற சொல்லை இன்றும் விடாமல் வைத்திருப்பதும் நாம்தான்.

அக்காலத்தில் தாள்களை வெளியிட்டவை தனியார் வங்கிகள். 1841இல் தொடங்கிய பழைய 'பேங்க் ஒவ் சிலோன்', இன்றுள்ள இலங்கை வங்கியோடு பெயரளவில் மட்டுமே தொடர்புடையது. பத்து ஆண்டுக்குள் அது ஓரியண்டல் வங்கிக்குள் கரைந்துபோயிற்று. ஓரியண்டல் வங்கியின் தாள்கள் தீவெங்கும் புழங்கின. அந்த வங்கி கோப்பித் தோட்டங்களுக்குப் பெருந்தொகை கடன் கொடுத்திருந்தது. 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் மலைநாட்டுக் கோப்பியைப் பதினைந்து ஆண்டுகளில் அழித்தபோது, கடனும் திரும்பவில்லை, வங்கியும் நிற்கவில்லை. 1884 மே 3ஆம் திகதி அது கதவைச் சாத்தியது. முதல் நாள் வரை காசாக இருந்தது மறுநாள் வெறுங்காகிதம். தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன், தீவில் புழங்கிய அந்த வங்கித் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். இலண்டனின் முன் அனுமதிக்குக் காத்திராமல் எடுத்த அந்த முடிவுதான் பீதியை அடக்கியது. அதே ஆண்டின் 32ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் நாணய ஆணையாளர் சபை உருவாகி, 1885 ஜனவரி முதலாம் திகதியிட்டு, அரசாங்கத்தின் பெயரால் தாள்கள் வெளிவரத் தொடங்கின. கேட்டவுடன் கொண்டுவந்தவருக்கு இத்தொகை கொடுக்கப்படும் என்பதே அவற்றின் வாசகம்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதே காலத்தில் மலைநாட்டில் இன்னொரு காகிதமும் கைமாறிக்கொண்டிருந்தது. அதற்குத் 'துண்டு' என்று பெயர். கங்காணியின், அதாவது தொழிலாளரைத் திரட்டி மேற்பார்த்தவரின், கீழுள்ள ஆட்கள் பட்டிருக்கும் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் அவர்களை விடுவிப்பேன் என்று ஒரு தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அதை எடுத்துக்கொண்டு கங்காணி அடுத்த தோட்டத்துக்குப் போவார். அங்கிருக்கும் துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் மட்டும் ஆட்களின் தலையில் புதிதாக ஏறும். நாணயத்தாளுக்குப் பின்னால் கருவூலத்து வெள்ளி இருந்தது, துண்டுக்குப் பின்னால் தமிழ்த் தொழிலாளரின் உடல் உழைப்பு இருந்தது. 1921இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. நாணயத்தாள் வரலாற்று நூல்களில் துண்டுக்கு இடமில்லை. இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலாம் உலகப் போரின்போது, 1917இல், ஒரு ரூபாவும் இரண்டு ரூபாவும் தாளாக வந்தன. இரண்டாம் போரில் தட்டுப்பாடு சில்லறை வரை இறங்கியது. ஜப்பானிய விமானங்கள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பைத் தாக்கிய 1942ஆம் ஆண்டில், உலோகம் போதாமல் ஐந்து சதத்துக்கே தாள் அச்சிட்டார்கள். சேகரிப்பாளர்களிடம் அதைப் பார்க்கக் கிடைத்தால் ஒரு நிமிடம் செலவிடுவது தகும். தபால்முத்திரைத் தாளில் இருப்பதுபோல் துளைக்கோடு ஒன்று அதன் குறுக்கே ஓடுகிறது. ஒருபுறம் இரண்டு சதம், மறுபுறம் மூன்று சதம். ஐந்து சதத்துக்குச் சாமான் வாங்கினால் முழுதாகக் கொடுக்கலாம், மூன்று சதத்துக்கு வாங்கினால் கிழித்துக் கொடுத்துவிட்டு இரண்டு சதத்தை மடியில் முடிந்துகொள்ளலாம். தாளைக் கிழிப்பது குற்றம் என்று நமக்கெல்லாம் சொல்லி வளர்த்திருக்க, கிழிப்பதற்கென்றே அரசாங்கம் அடித்த தாள் அது.

முகங்களின் கதை இதற்குச் சற்று முன்னரே தொடங்கிவிடுகிறது. 1941ஆம் ஆண்டின் தாள்களில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் இருந்தார். சுதந்திரம் 1948இல் வந்த பின்னும் அவர் போகவில்லை. 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணயவிதிச் சட்டத்தின்கீழ், 1950 ஆகஸ்ட் 28ஆம் திகதி மத்திய வங்கி தொடங்கியது. அதன் முதல் ஆளுநர் ஜோன் எக்ஸ்டர் அமெரிக்கர். சுதந்திர நாட்டின் புதிய வங்கி 1951இல் வெளியிட்ட ஒரு ரூபா, பத்து ரூபாத் தாள்களில் இருந்தவர் அதே இங்கிலாந்து மன்னர். அவர் 1952இல் மறைந்ததும் எலிசபெத் அரசி வந்தார். சட்டப்படி இதில் பிழையில்லை, 1972 வரை நாட்டின் தலைமை முடியிடமே இருந்தது. ஆனால் தாள் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்த 1956இல், அரசி இன்னும் அரசியாக இருக்கும்போதே, அவர் முகம் இருந்த இடத்தில் வாளேந்திய சிங்கத்தோடு அரச இலச்சினை வந்து அமர்ந்தது. குடியரசு ஆவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னதாகவே முடியாட்சி நம் சட்டைப்பையிலிருந்து வெளியேறிவிட்டது.

பண்டாரநாயக்க 1959இல் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி பிரதமராக இருந்தபோது, 1962இல் தொடங்கிய தொடரில் பண்டாரநாயக்கவின் முகம் ஏறியது. 1965இல் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. பண்டாரநாயக்கவின் இடத்துக்குப் பொலன்னறுவைக் கற்சிலை வந்தது. முதலாம் பராக்கிரமபாகு என்று மக்கள் சொல்லும் அச்சிலை உண்மையில் அரசனுடையதா, முனிவர் ஒருவருடையதா, கையில் இருப்பது ஏடா, நுகமா என்று தொல்லியலாளர் இன்றும் வாதிடுகிறார்கள். கட்சிச் சண்டைக்கு அப்பாற்பட்ட முகம் வேண்டுமென்றால் யாரென்றே உறுதியாகத் தெரியாத ஒருவரைத் தேடிப் பிடிப்பது ஒரு வகையில் புத்திசாலித்தனம்தான்.

அதுவும் நெடுநாள் நிற்கவில்லை. 1970இல் ஆட்சி மறுபடியும் மாறியது. அதே ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் நிதி அமைச்சர் என். எம். பெரேரா, புழக்கத்திலிருந்த ஐம்பது, நூறு ரூபாத் தாள்கள் இனிச் செல்லாது என்று அறிவித்தார். கணக்கில் வராத காசை வெளியே கொண்டுவருவது நோக்கம். வங்கியை நம்பாமல் பெட்டியில் காசு வைத்திருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். அந்த நாள்களைப் பற்றிப் புறக்கோட்டை வியாபாரிகளின் வீடுகளில் இன்னும் கதை உண்டு. செல்லாமற்போன இரண்டு தாள்களின் இடத்துக்கு வந்த புதிய ஐம்பதிலும் நூறிலும் இருந்தவர் யார் என்று பார்த்தால், பண்டாரநாயக்கவேதான். 1962ஆம் ஆண்டுத் தொடரில் இறுக்கமாக இருந்தவர் இம்முறை சிரித்த முகத்துடன் வந்தார்.

இந்த ஊசலாட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது 1979. அவ்வாண்டின் தொடரை வரைந்தவர் லக்கி சேனாநாயக்க. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவுடன் நெடுங்காலம் இணைந்து இயங்கிய ஓவியர், சிற்பி, 2021இல் காலமானார். அவர் அரசரையும் எடுக்கவில்லை, அரசியல்வாதியையும் எடுக்கவில்லை. இரண்டு ரூபாத் தாளின் முன்பக்கத்தில் ஒரு மீனை நீந்தவிட்டார். பின்புறத்தை நெட்டாக நிறுத்தி, கொடியும் இலையும் உயிரினங்களும் கீழிருந்து மேலே ஏறுகிறாற்போல் அமைத்தார். எனக்கு நினைவு தெரிந்து முதன்முதலாகக் கையில் கிடைத்த காசு அந்தச் சிவப்பு இரண்டு ரூபாதான். அதைச் செலவழிக்க மனமில்லாமல் புத்தகத்துக்குள் வைத்து, கடைசியில் ஐஸ்பழத்துக்குக் கொடுத்தேன். நான் பார்த்த நம் தாள்களில் அதைவிட அழகான தொடர் வரவில்லை என்று இன்றும் சொல்வேன். சிறுவயதுப் பாசம் என்று கழித்துக்கொண்டாலும் கழித்துக்கொள்ளலாம்.

அடுத்தடுத்து வந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். எண்பதுகளின் தொடக்கத்தில் தொல்லியலும், 1991இல் மரபுரிமையும் கருப்பொருள்களாயின. 1984இல் இரண்டும் ஐந்தும் நாணயமாகின. மறுமுனையில் ஐந்நூறும் ஆயிரமும் எண்பதுகளில் வந்தன, சிகிரியாவோடு இரண்டாயிரம் 2006இல் வந்தது, ஐயாயிரம் 2011இல் வந்தது. அடியில் உள்ள தாள் நாணயமாகி உதிர, நுனியில் புதுத் தாள் துளிர்ப்பதுதான் விலைவாசியின் வரலாறு. அச்சு வேலையும் எண்பதுகளில் நாட்டுக்குள் வந்தது; பிரித்தானியாவின் டி லா ரூ நிறுவனம் அரசாங்கத்தோடு கூட்டாக பியகமவில் அச்சகம் அமைத்தது. சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு 1998இல் வந்த இருநூறு ரூபா மட்டும் அவுஸ்திரேலியாவில் பிளாஸ்டிக்கில் அச்சிடப்பட்டது. அதற்குப் பிறகு நாம் பருத்தித் தாளுக்கே திரும்பினோம்.

முகங்கள் இப்படி மாறிய காலமெல்லாம் மாறாமல் இருந்த ஒன்று உண்டு: எழுத்து. ஆங்கிலேயர் காலத்து அரசுத் தாள்களிலேயே தொகை ஆங்கிலத்தோடு சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்பட்டிருந்தது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956லும் தாளிலிருந்து தமிழ் இறங்கவில்லை. சிங்களம் மேலே, எழுத்தும் பெரிது என்பது உண்மைதான். அந்த இடமும் அளவும் கவனிக்காமல் விடக்கூடியவை அல்ல. மொரீசியசில் நடந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அந்நாட்டுத் தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்ததாக இருந்த தமிழை 1998இல் மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார்கள். அங்குள்ள தமிழர் தெருவில் இறங்கினார்கள். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையோடு புதிய தாள்கள் அச்சாயின. ஒரு வரி மேலா கீழா என்பதற்காக ஒரு நாடு தன் தாள்களையே மாற்றியது. பொலிஸ் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் தமிழில் ஒரு படிவம் கிடைக்காமல் திரும்பி வந்த பலருக்கு, அரசாங்கம் தவறாமல் தமிழில் பேசிய இடம் நாணயத்தாள் ஒன்றுதான்.

அப்படியிருக்க, முப்பது ஆண்டுகள் முகமில்லாமல் இருந்த தாளில் 2009இல் ஒரு முகம் வந்தது. போர் முடிந்து ஆறு மாதங்களில், நவம்பர் 17ஆம் திகதி, ஆயிரம் ரூபா நினைவுத் தாள் ஒன்று வெளியானது. முன்பக்கத்தில் அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச இரு கைகளையும் உயர்த்தி நின்றார், பின்பக்கத்தில் படையினர் கொடி நாட்டிக்கொண்டிருந்தார்கள். பண்டாரநாயக்க தாளில் ஏறியதுகூட மறைந்த பின்புதான். இங்கிலாந்து மன்னரையும் அரசியையும் விட்டால், பதவியில் இருக்கும் தலைவர் ஒருவர் ஏறியது அதற்கு முன் நடக்காதது. அத்தாள் எங்கள் வீட்டுக்கும் வந்தது, கடைக்காரர் மிச்சக்காசாகக் கொடுத்தது. யாரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் மின்கட்டணத்தோடு அது போய்விட்டது. ஒரு தாளை வாங்க மறுக்க முடியாது, சட்டப்படி அது செல்லுபடியாகும் பணம். செலவழித்து விடுவது ஒன்றுதான் குடிமகனுக்கு உள்ள கருத்துச் சுதந்திரம்.

நல்ல வேளையாக, அது ஒரு நினைவுத் தாளோடு நின்றது. 2011 பெப்ரவரியில் வெளிவந்த இப்போதைய தொடரில் மனிதத் தலைவர் எவரும் இல்லை. ஆனால் ஒருவகையில் ஆட்சி தாளைவிட்டுப் போகவுமில்லை. இருபதில் கொழும்புத் துறைமுகம், ஐம்பதில் மனம்பிட்டியப் பாலம், நூறில் லக்ஷபான நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்திலேயே நுரைச்சோலை அனல் மின்நிலையம், ஐந்நூறில் கொழும்பு கோட்டைப் பகுதியின் இரட்டைக் கோபுரங்கள், ஆயிரத்தில் ரம்பொடைச் சுரங்கப்பாதை, ஐயாயிரத்தில் அணைக்கட்டுகள். முகத்தின் இடத்தைக் கொங்கிறீட் பிடித்துக்கொண்டிருக்கிறது. நுரைச்சோலை பழுதாகி மின்வெட்டு வந்த இரவுகளில், மெழுகுதிரி வாங்க நீட்டியதும் அதே நூறு ரூபாவாக இருக்கும்போது, தாளைப் பார்க்காமல் கொடுப்பது நல்லது.

அதே நூறு ரூபாவின் பின்புறத்தில் பரதநாட்டியம் ஆடும் பெண்ணும் மிருதங்கமும் இருக்கின்றன. மற்றத் தாள்களில் கண்டி, கீழ்நாட்டு ஆட்டங்கள் இடம்பெற, தமிழருடைய பங்குக்கு நூறு. அரைமண்டியில் நிற்கும் அந்தப் பெண் யாருமல்லர், எந்த ஆசிரியையின் பள்ளியையும் சேர்ந்தவரல்லர். பெயர் தெரிந்த ஒருவராக இருந்திருந்தால் அவர் யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா, மலையகமா, கொழும்பா என்று நம் ஆட்களே முதலில் கேட்டிருப்போம்.

முகமில்லாத தாளுக்குத் தொழில்நுட்ப விலை ஒன்று உண்டு. தாள்களில் தலைவர்களை அச்சிடுவதற்கு மரியாதை மட்டும் காரணமன்று. மனிதக் கண் முகத்தைப் பிரித்தறிவதில் அபாரமானது. கண்ணிமை ஒரு மயிரளவு தடித்தாலும், உதடு சற்றுக் கோணினாலும் ஏதோ சரியில்லை என்று உடனே உறுத்தும். செதுக்கித் தீட்டிய முகக்கோடுகளைக் கள்ளத்தாள் அடிப்பவரால் எளிதில் பின்பற்ற முடியாது. அந்த வசதியை இழந்த நாம் வேறு காவல்களை நம்பியிருக்கிறோம். இருபது ரூபாவை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் வெற்றிடத்தில் ஓர் ஆந்தை மெல்லத் தோன்றும். மை ஒரு சொட்டும் இல்லாமல், தாள் உருவாகும்போதே நார்களின் தடிப்பைக் கூட்டிக் குறைத்து அமைத்த நீர்க்குறி அது. முன்பக்கத்தில் வண்ணத்தில் இருப்பதும் அதே ஆந்தைதான். தென்மேற்கு மழைக்காடுகளில் 2001இல் முதன்முறை கண்ணில் பட்டு, 2004இல்தான் புதிய இனமாக அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. உலகம் அறிந்து பத்தாண்டுகூட ஆகாத ஒரு பறவையை மிகக் குறைந்த பெறுமதியுள்ள தாளில் வைத்தவரின் இரசனையைப் பாராட்டத்தான் வேண்டும். இனி, தாளின் மேற்பரப்பில் விரலை ஓட்டினால் எழுத்துகள் புடைத்து நிற்பது தெரியும். ஓரத்தில் பார்வையற்றோர் தடவி அறியப் புடைத்த அடையாளங்கள் உண்டு. பெறுமதி கூடக் கூடத் தாளின் நீளமும் கூடுகிறது. பெரிய தாள்களின் பாதுகாப்பு நூல், சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறும். செட்டியார் தெரு நகைக்கடைக் காசாளர் இதெல்லாவற்றையும் செய்வதில்லை. ஐயாயிரம் ரூபாக் கட்டைக் கையில் எடுத்து, பெருவிரலால் ஒருமுறை சரசரவென்று தள்ளிவிட்டு, அந்தச் சத்தத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

பெயர் சொல்லக்கூடிய மனிதர் தாளில் இன்னும் இருக்கும் ஒரே இடம், கீழேயுள்ள இரண்டு ஒப்பங்கள்: நிதி அமைச்சருடையது ஒன்று, மத்திய வங்கி ஆளுநருடையது மற்றது. 2016 முதல் 2019 வரை ஆளுநராக இருந்த இந்திரஜித் குமாரசுவாமியின் ஒப்பமிட்ட தாள்கள் கசங்கிய நிலையில் இன்னும் கைக்கு வருவதுண்டு. அவர் காலத்தில், 2018இல், சுதந்திரத்தின் எழுபதாம் ஆண்டுக்குப் பன்முகத்தன்மையைக் கொண்டாடும் ஆயிரம் ரூபா நினைவுத் தாள் வெளியானது. 2009ஆம் ஆண்டின் ஆயிரத்துக்கும் அதற்கும் இடைவெளி ஒன்பது ஆண்டுகள். இரண்டையும் ஒரே உறைக்குள் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். மத்திய வங்கியின் எழுபத்தைந்தாம் ஆண்டையொட்டி 2025 ஆகஸ்டில் வந்த இரண்டாயிரம் ரூபாவிலும் முகம் இல்லை.

மைத்துனர் புறப்படும் நாளில் மீதிக் காசை மாற்றப் போனார். நாணயமாற்றுக் கடையில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள், ஒரு நூறு ரூபாவைத் தவிர. அதில் நீர்க்குறிக்கான வெற்றிடத்தில் யாரோ நீல மையால் ஒரு தொலைபேசி இலக்கம் எழுதியிருந்தார்கள். வேண்டுமென்றே எழுதிக் கெடுத்த தாள்களை 2017 டிசம்பர் 31க்குப் பிறகு மாற்றித் தருவதில்லை என்று மத்திய வங்கி அறிவித்ததிலிருந்து கடைக்காரர்கள் இதில் கறார். "பரவாயில்லை, ஆடுற பொண்ணு நல்லாத்தான் இருக்கா" என்று அவர் அதை மடித்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டார்.